பாசம் பூசிய மாவு

“ஐயையோ, தண்ணீர் ஊற்றாதே! கொப்பளித்துவிடும்!”

கையிலே செம்பு, செம்பு நிறையத் தண்ணீர், எதிரிலே துடித்துக்கொண்டிருக்கிறது ஆறு வயதுக் குழந்தை. ஊற்றப் போனவன் நின்றுவிட்டேன். நிறுத்தியது ஒரு மூதாட்டியின் குரல்.

பக்கத்து வீடு, மாலை வேளை. கஞ்சி வடிக்கச் சாய்த்து வைத்திருந்த பானை சரிந்து, கொதிக்கும் கஞ்சி குழந்தையின் வலக்கையிலே முழங்கைவரை வழிந்துவிட்டது. அலறல் கேட்டு நான் ஓடினேன்; தெருவே ஓடிவந்தது. ஒருவர் பற்பசை கொண்டுவந்தார். ஒருவர் பேனா மையைத் தேடினார். தேங்காய் எண்ணெய்தான் கைகண்டது என்றார் மற்றொருவர். பாட்டியோ எவரையும் கேட்கவில்லை. இட்லிக்கு அரைத்து வைத்திருந்த மாவை அள்ளி அள்ளிப் பூசினார். பூசும்போதே அழுதார். அந்தக் கண்ணீரில் கள்ளம் ஏது? தன் கையை வெட்டிக் கொடுத்தால் பேத்தியின் கை பிழைக்கும் என்று சொல்லியிருந்தால், அரிவாளைத் தேடி ஓடியிருப்பார் அந்த அம்மையார்!

நான் என்ன செய்தேன்? அந்த வாரந்தான் எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தி முடித்திருந்தேன். ‘தீப்புண்ணுக்குரிய முதலுதவி யாது?’ என்ற வினாவுக்கு, ‘குளிர்ந்த நீரை ஊற்றவேண்டும்’ என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டது இந்தக் கை. அதே கைதான், ‘ஊற்றாதே’ என்று ஒரு குரல் வந்ததும், செம்பைத் தரையிலே வைத்தது.

வண்டி பிடித்து மருத்துவமனை போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மாவு காய்ந்து, தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழுவி எடுத்தாலொழியப் புண் எவ்வளவு ஆழம் என்று மருத்துவரால் பார்க்க முடியாது. கழுவினார்கள். கஞ்சி கொட்டியபோது அழுததைவிடக் குழந்தை அப்போதுதான் மிகுதியாக அழுதது. அந்தக் கையிலே தண்ணீர் முதன்முதலாக ஓடியதும் அப்போதுதான்!

“யார் இதைப் பூசியது?” என்று கேட்டார் மருத்துவர். எல்லாருடைய பார்வையும் பாட்டியின் பக்கம் திரும்பியது. பாட்டி தலை குனிந்தார். என்னை யாரும் பார்க்கவில்லை.

புண் ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. தழும்பு தங்கிவிட்டது. உடனே நீர் ஊற்றியிருந்தால் தழும்பே இருந்திராது என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவனல்லன். ஆனால், இந்தக் குற்றத்தை யார் பெயரில் எழுதுவது என்று கேட்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. தோழர்களே, அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

“குற்றம் என்று ஏனய்யா பேசுகிறீர்? அன்பினால் செய்தாள் கிழவி. நல்ல எண்ணத்தோடு செய்ததில் குற்றம் ஏது?” என்று கேட்பார்கள் நல்லவர்கள். நம் நாட்டிலே இந்த வாதத்துக்கு மதிப்பு அதிகம். உள்ளம் தூயதென்றால் செயலும் தூயது என்று கணக்கைத் தீர்த்துவிடுகிறோம். புண்ணுக்கு அந்தக் கணக்குத் தெரியுமா? பாசத்தோடு பூசிய மாவும் பகையோடு பூசிய மாவும் வெந்த தோலுக்கு ஒன்றுதான். உள்ளே இருக்கும் சூட்டை வெளியேறவிடாமல் மூடுகிறது. அழுக்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது. புண்ணை மருத்துவர் கண்ணிலிருந்து மறைக்கிறது. எண்ணெயும் வெண்ணெயும் பற்பசையும் மையும் மஞ்சளும் முட்டையின் வெண்கருவும் செய்கிற வேலை ஏறக்குறைய இதேதான்.

இங்கே ஒரு ஆங்கில அறிஞரை அழைத்துவருகிறேன். வில்லியம் கிளிஃபோர்டு, கணித வல்லுநர். 1877ஆம் ஆண்டு, நம்பிக்கையின் அறம் எது என்பதைப்பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அதிலே ஒரு கப்பல் முதலாளி வருகிறான். அவனுடைய கப்பல் பழையது. பலமுறை பழுது பார்க்கப்பட்டது. கடலைத் தாங்குமா என்ற ஐயம் அவனுக்கே எழுகிறது. எழுந்த ஐயத்தை அவனே அமுக்குகிறான். ‘எத்தனை புயலைக் கண்ட கப்பல்! இந்தப் பயணத்தில் மட்டுமா கவிழும்? கடவுள் காப்பார்’ என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, பிழைப்புத் தேடிக் குடிபெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்பிவிடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது; காப்பீட்டுத் தொகை கைக்கு வருகிறது. அவன் பொய்யனல்லன், உண்மையாகவே நம்பினான். ஆயினும் அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்டு. அதோடு விட்டாரா? கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே என்கிறார்! முடிவு நல்லதாகிவிட்டதாலேயே, ஆராயாமல் நம்பியது நல்லதாகிவிடாதாம்.

இதைப் படித்தவுடன், ‘ஆகா, பாட்டி மாட்டிக்கொண்டார்’ என்று நினைத்தேன். மறுமுறை படித்தபோது மாட்டிக்கொண்டவர் வேறொருவர்.

கப்பல் முதலாளிக்கு ஐயம் எழுந்தது. பாட்டிக்கு எழவில்லையே! எழுப்பியவர் யார்? எழுத்தறியாத பெண்மணி. ‘பெண்ணுக்கு எதற்குப் படிப்பு’ என்று சொன்ன காலத்திலே, ஏட்டுக்குப் பதில் அகப்பையைக் கையிலே கொடுத்து அடுப்பங்கரையிலே உட்கார்த்திவைத்தது இந்தச் சமுதாயம். அறிவு வரும் வாயில்களை அடைத்துவிட்டு, ‘உனக்கு ஏன் தெரியவில்லை’ என்று கேட்பது, கால்களைக் கட்டிப்போட்டுவிட்டு, ‘ஓடத் தெரியாதவள்’ என்று ஏசுவதல்லவா? தெரிந்திருந்தும் அதை அமுக்கிக்கொண்டவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் இருந்தான். செம்பைத் தரையிலே வைத்தவன்தான் அந்தக் கப்பல் முதலாளி.

எதை அமுக்கினேன் என்பதைச் சற்று விளக்கவேண்டும். நெருப்பு அணைந்ததும் சுடுதலும் நின்றுவிடுகிறது என்று நினைக்கிறோம். அது தவறு. அடுப்பிலிருந்து இறக்கிவைத்த தோசைக்கல் உடனே குளிர்ந்துவிடுகிறதா? சுட்ட தோலும் அப்படித்தான். உள்ளே புகுந்த வெப்பம் தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. டக்ளஸ் ஜாக்சன் என்ற ஆங்கில மருத்துவர், தீப்புண்ணை மூன்று வட்டாரங்களாகப் பிரித்துக் காட்டினார்; 1953இல் வெளிவந்த அவர் கட்டுரையை இன்றும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். நடுவிலே இருப்பது மாண்டுபோன பகுதி. அதை எவராலும் மீட்க இயலாது. வெளிப்புறத்திலே இருப்பது சிவந்த பகுதி. அது பெரும்பாலும் தானே தேறிவிடும். இரண்டுக்கும் இடையிலே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே குருதி ஓட்டம் தளர்ந்து கிடக்கிறது. அது இன்னும் சாகவில்லை. பிழைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அடுத்த சில மணிகளிலும் நாள்களிலும் அது செத்த பகுதியோடு சேரலாம், உயிருள்ள பகுதியோடும் சேரலாம்.

அந்த இடைப்பகுதி யாருடைய பொறுப்பில் இருக்கிறது? மருத்துவமனை மூன்று கல் தொலைவிலோ முப்பது கல் தொலைவிலோ இருக்கிறது. 108க்குச் சொல்லியாயிற்று; வண்டி வந்துகொண்டிருக்கிறது. அதுவரையிலே அது தாயின் பொறுப்பு, பாட்டியின் பொறுப்பு, ஓடிவந்த பக்கத்து வீட்டானின் பொறுப்பு! அதைக் காக்க அவர்கள் கையிலே இருக்கவேண்டியது அரிய மருந்தன்று. குழாய் நீர் போதும். இருபது நிமிடம் விடாமல் ஓடவேண்டும். குழாய் இல்லையேல் குடமும் செம்பும் போதும். உடனே செய்வது நலம். தவறிவிட்டால், சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. பனிக்கட்டி மட்டும் கூடாது. அது குருதிக் குழாய்களைச் சுருக்கி, பிழைக்கவேண்டிய தோலையும் கெடுக்கும். குழந்தையின் உடலிலே பெரும்பகுதி வெந்திருந்தால் நீரினாலேயே உடல் மிகவும் குளிர்ந்துபோகும் ஆபத்து உண்டு. ஆகவே புண்ணைக் குளிர்வித்து, மற்ற உடலைப் போர்வையால் மூடிக்காக்க வேண்டும். பிறகு, தூய துணியால் தளர்த்தியாக மூடி, கொப்புளத்தை உடைக்காமல் கொண்டுபோக வேண்டும். வலியில்லை என்று குழந்தை சொன்னால் மகிழ்ந்துவிடக் கூடாது. ஆழமாக வெந்த இடத்திலே வலியை உணரும் நரம்புகளே அழிந்துபோயிருக்கும்! இன்னொன்று: நீர் ஊற்றச் சொல்வது சுட்ட உடலின்மேல், எரிகிற எண்ணெய் வாணலியின்மேல் அன்று. அதிலே ஊற்றினால் தீ கூரைக்குத் தாவும்.

சிறிய செய்தி என்று எண்ணவேண்டாம். உலகத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீப்புண்ணால் மடிகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் கடுமையாகவோ ஓரளவு கடுமையாகவோ சுடுபடுகிறார்களாம். பெரும்பாலும் வீட்டிலும் வேலைத்தலத்திலும். போர்க்களத்தில் அல்ல, தோழர்களே! அடுப்படியில்!

“எங்கள் வீட்டிலே தலைமுறை தலைமுறையாக மாவுதான் பூசுகிறோம், எல்லாம் ஆறித்தான் போயிற்று” என்பார் உண்டு. ஆறியிருக்கும். சிறிய தீப்புண் தானே ஆறக்கூடியது. மாவு பூசினாலும் ஆறும், பூசாவிட்டாலும் ஆறும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் ஆறும்! ஆறியதெல்லாம் மாவின் புகழில் சேர்கிறது. ஆறாமல் சீழ் பிடித்ததெல்லாம் விதியின் தலையில் விழுகிறது. வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத கணக்குப்பிள்ளையை எந்தக் கடைக்காரன் வேலைக்கு வைத்துக்கொள்வான்? தலைமுறை அனுபவம் என்று நாம் போற்றுவதிலே பாதி இப்படி எழுதப்பட்ட கணக்கு.

இந்த மயக்கம் பாட்டிமார்க்கு மட்டும் உரியதென்று எண்ணி இறுமாக்க வேண்டியதில்லை. கற்றவர்களையும் அது ஆண்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டிலே ஐரோப்பியப் போர்க்கள மருத்துவர்கள், துப்பாக்கிக் குண்டு பட்ட புண்ணிலே நஞ்சு இருக்கிறது என்று நம்பி, அதிலே கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள். கொடுமைக்காக அல்ல, குணமாக்குவதற்காக! 1530களில், டூரின் நகரை ஒட்டி நடந்த போரிலே, அம்புருவாஸ் பாரே என்ற இளம் பிரெஞ்சு மருத்துவருக்கு எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி, முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், டர்பன்டைன் இவற்றைக் கலந்து பூசினார். எண்ணெய் ஊற்றாததால் அவர்கள் நஞ்சேறிச் செத்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடியற்காலையில் எழுந்துபோய்ப் பார்த்தார். கொதிக்கும் எண்ணெய் பெற்றவர்கள் காய்ச்சலிலும் வீக்கத்திலும் வதைந்துகொண்டிருந்தார்கள். பெறாதவர்கள் ஓரளவு அமைதியாக உறங்கியிருந்தார்கள். இனி எந்தப் புண்ணையும் எண்ணெயால் சுடுவதில்லை என்று அன்றே உறுதி பூண்டார்.

அவருக்கு முன்னிருந்தவர்கள் கல் நெஞ்சரா? இல்லை. அவர்களும் நோயாளிக்காக வருந்தியவர்களே. விடிந்ததும் எழுந்துபோய்ப் பார்த்தார் பாரே; கண்டதை ஒப்பிட்டார்; ஆசான்மார் சொன்னதற்கு மாறாக இருந்தபோதும் கண்டதையே நம்பினார். (அவர் பூசிய கலவையை இன்று யாரும் பூசிவிட வேண்டாம்! அதையும் கடந்து வந்துவிட்டது மருத்துவம்.)

இனி, நம் இயக்கத் தோழர்கள் தனியே எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று. சுட்ட உறுப்பு விரைவில் வீங்கும். வீங்குமுன் மோதிரம், வளையல், மெட்டி, கழுத்தணி அத்தனையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவையே விலங்காகி இறுக்கும். விரலுக்குப் போகும் குருதியைத் தடுக்கும். உலோகமாதலால் சூட்டையும் தாங்கி நிற்கும். புண்ணில் ஒட்டாத ஆடையையும் நீக்கிவிட வேண்டும். சொல்வது எளிது! ‘கட்டியவன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா? தாலியிலே கை வைப்பதா?’ என்று கேட்கக் கூட்டத்திலே ஒரு வாய் இல்லாமற் போகாது. ‘பெண்பிள்ளையின் சேலையை ஆண்பிள்ளை தொடுவதா?’ என்று தயங்கி, வெந்துகொண்டிருப்பவளைச் சுற்றி நின்று பார்ப்பார்கள் மானமுள்ளோர்! அவளுடைய விரலைவிட மெட்டி பெரிதா? உயிரைவிட உடுப்பு பெரிதா?

தாலி இல்லாமலும் திருமணம் திருமணமே என்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. மேடையிலே அதைப் பேசிக் கைத்தட்டல் வாங்காத நாம் யார்? வெந்த காலிலிருந்து ஒரு மெட்டியைக் கழற்ற, பத்துப் பேர் பார்க்கக் குனியும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

துணிவு என்றதும் நெருப்பிலே குதிப்பது என்று பொருள் கொள்ளவேண்டாம். 2012 செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிலே பட்டாசு ஆலை வெடித்தபோது, உதவி செய்ய ஓடியவர்களும் பார்க்கச் சென்றவர்களும் அடுத்து நிகழ்ந்த வெடிப்பிலே சிக்கி மாண்டார்கள். மின்சாரம் தாக்கியவனைத் தொடுமுன் மின்னோட்டத்தை நிறுத்தவேண்டும் என்பதும் அதே பாடந்தான். ஓடவேண்டிய நேரமும் உண்டு; நின்று பார்த்து ஓடவேண்டிய நேரமும் உண்டு. இதையெல்லாம் தீப்பற்றிய பிறகு யோசித்துக் கற்க முடியுமா? அந்த நொடியிலே மனிதன் யோசிப்பதில்லை. பழகிய கை பழகியதைச் செய்கிறது. பாட்டியின் கை மாவுக்குப் பழகியிருந்தது. என் கையோ, மதிப்பெண் போட மட்டுமே பழகியிருந்தது.

ஏன் பேசவில்லை நான்? என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். ‘மரியாதை’ என்று விடை சொல்லிப் பார்த்தேன். வயதில் பெரியவர், என்னைத் தூக்கி வளர்த்தவர், அத்தனை பேர் முன்னிலையிலே அவரை மறுப்பதா? அழகான விடைதான். ஆனால் அதன் உள்ளே கைவிட்டுப் பார்த்தால் வேறொன்று தட்டுப்படுகிறது. நான் ஊற்றிய பிறகு கொப்புளம் எழும்பினால், ‘வாத்தியார் தண்ணீரை ஊற்றிக் கெடுத்துவிட்டான்’ என்று தெரு பேசுமே என்ற அச்சம் அது. சூடுபட்ட இடத்திலே கொப்புளம் நீர் ஊற்றினாலும் எழும்பக்கூடும், ஊற்றாவிட்டாலும் எழும்பக்கூடும். பழியோ ஊற்றியவன்மேல்தான் விழும். வழக்கப்படி செய்து குழந்தை கெட்டால் விதி. அறிவின்படி செய்து குழந்தை துன்புற்றால் கொலைகாரன்! இந்த அச்சத்துக்குத்தான் மரியாதை என்று பெயர் சூட்டியிருந்தேன். தாம் சொல்வதையும் எண்ணிப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் பெரியார். அவருடைய வழிவந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நான், ஒரு கிண்ணம் இட்லி மாவுக்கு எதிராக வாய் திறக்கவில்லை.

அந்தப் பாட்டியை மறுத்திருந்தால் அவருக்குச் செய்த அவமதிப்பு ஆகியிருக்குமா? மருத்துவர் கேட்டபோது அத்தனை பேர் முன்னிலையில் அவர் தலை குனிந்தாரே, அதைவிடவா? அந்தத் தலைகுனிவை அவருக்குத் தேடிக்கொடுத்தது என் ‘மரியாதை’யல்லவா?

குழந்தையின் கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டி அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார்.

“பாட்டி, அன்றைக்குத் தண்ணீர்தான் ஊற்றியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்துவிட்டேன்.”

நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார். “தெரிஞ்சா சொல்லக் கூடாதா தம்பி? நான் என்ன, உன்னைக் கடிச்சா தின்னிருப்பேன்?” என்றார். பிறகு கேட்டார்: “எவ்வளவு நேரம் ஊத்தணும்?”

“இருபது நிமிடம்.”

“எனக்கு மணி பார்க்கத் தெரியாதே.”

இதற்கு என்னிடம் விடை இல்லை. எட்டாம் வகுப்புப் பாடநூலிலும் இல்லை. அவரே அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். “உலையிலே அரிசி போட்டதிலேருந்து கஞ்சி வடிக்கிற வரைக்கும்னு வச்சுக்கலாமா?”

மனத்திலே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது, சற்றே கூடினாலும் கெடுதல் இல்லை. “சரி, பாட்டி” என்றேன்.

இரண்டு நாள் கழித்து, தெருக்குழாயடியிலே அவர் குரல் கேட்டது. யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மாவு கீவு ஒண்ணும் பூசிடாதே. உலை அரிசி வேகிற வரைக்கும் தண்ணி ஊத்து. வளையலை முதல்லே கழட்டு.”